ஒன்பதாம் அடி

முன்னொரு காலத்தில், கொரியா தேசத்தின் தெற்குச் சீமையில், மேளத்துக்குச் சொந்தக் கை இருந்தது. குரலுக்குச் சொந்தக் கால் இருந்தது. இப்போதுதான் இரண்டுக்கும் ஆள் தேவைப்படுகிறது. ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் கதை.

குரலும் மேளமும் ஊர் ஊராகப் போய்க் கதை பாடிப் பிழைத்தன. கூடவே ஒரு மடக்கு விசிறி, ஒரு கோரைப்பாய். சந்தை கூடும் இடத்தில் பாய் விரியும். குரல் பாய்மேல் நிற்கும், கையில் விசிறியோடு. எதிரே மேளம் உட்காரும். அவ்வளவுதான் கச்சேரி. குழல் கிடையாது, நரம்பு வாத்தியம் கிடையாது. ஒரு குரல், ஒரு மேளம், பொழுது சாயும்வரை ஒரே கதை.

மேளம் பார்க்க ஒன்றும் பெரிய அழகில்லை. பீப்பாய் மாதிரி வயிறு, இரண்டு பக்கமும் மாட்டுத்தோல். இடது கை தோலில் 'தும்' என்று தட்டும். வலது கையில் இருக்கும் கோல் பீப்பாய் மரத்தின் உச்சியில் பட்டால் 'டக்'. தும், டக். இந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு அது செய்த வேலை இருக்கிறதே, சொல்லி மாளாது.

குரல் ஓடினால் பிடித்து நிறுத்தும். பின்தங்கினால் யாருக்கும் தெரியாமல் தானும் நடையைக் குறைத்துக்கொள்ளும். மூச்சு முட்டுகிற இடத்தில் நாலு தட்டு உருட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். நடுநடுவே "ஒல்சிகூ!" என்று வாய்விட்டுக் கத்தும். நம் ஊரில் 'பலே', 'சபாஷ்' என்போமே, அது. அந்த ஒரு சத்தத்தில் குரலுக்கு இன்னொரு உயிர் வரும்.

அவர்கள் பாடியதில் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு தாயின் கதை. மகன் பேர் பாவு. போருக்குப் போகிறான். தோணி துறையை விட்டு நகர்ந்துவிட்டது. தாய் கரையில் ஓடிவந்து நின்று அவன் பேரைக் கூப்பிட வேண்டும். அந்த இடத்தில் தாளம் பன்னிரண்டு அடி. எட்டு அடி மெல்ல நடந்து வரும். ஒன்பதாவது அடி, கோலை ஓங்கி மரத்தின் உச்சியில் 'டக்' என்று போட வேண்டும். தாளத்துக்கு முதுகெலும்பே அந்த ஒன்பதாம் அடிதான்.

ஆனால் சரியாக அங்கே வந்ததும் குரல் நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. மகன் பேர் தொண்டையிலேயே கிடக்கும். ஒரு நாள் கொஞ்ச நேரம், இன்னொரு நாள் கூடுதல் நேரம். எவ்வளவு என்று குரலுக்கே தெரியாது. மேளம் ஓங்கிய கோலை இறக்காமல் குரலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டம் மூச்சு விடாது. அப்புறம் "பாவூ...!" என்று வரும் பாருங்கள், அதோடு சேர்ந்து ஒரு 'டக்'. மீன் விற்கிறவள் முதல் நிலக்கிழார் வரை அத்தனை பேரும் கண்ணைத் துடைக்கத் துணி தேடுவார்கள்.

அந்தச் சீமையில் ஒரு சொலவடை உண்டு: "முதல்ல மேளம், அப்புறம்தான் குரல்." மேளம் தாங்கிப் பிடித்தால்தான் குரல் நிற்கும் என்று அர்த்தம். மேளம் இதை எத்தனையோ ஊரில் கேட்டிருக்கிறது. ரொம்ப நாள்வரை அதை ஒரு வேலை என்றுதான் எடுத்துக்கொண்டது. பட்டம் என்று எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு சந்தையில் கைச்சேகண்டி வந்து ஒட்டிக்கொண்டது. நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் ஆடுகிற உழவர் கூட்டத்துக்கு அதுதான் தலைவர். வெண்கலத்தில் உள்ளங்கை அகலத் தட்டு. ஆனால் வாய் இருக்கிறதே, ஏழு ஊருக்குக் கேட்கும்.

"ஏம்ப்பா, ஊரே அந்தப் பாடற அம்மாவைத்தான் தூக்கி வச்சு ஆடுது. உன் பேரை ஒருத்தனாவது எடுத்தானா?" என்று கேட்டது சேகண்டி.

"எடுக்காட்டி என்ன? 'முதல்ல மேளம்'னு சொலவடையே இருக்கு" என்றது மேளம்.

"சொலவடையில முதல். பாயில ஓரம்!" சேகண்டி கணகணவென்று சிரித்தது. "எங்க கூட்டத்துக்கு வா. நான் இடி. பெரிய தட்டு காத்து. இடுப்பு சிறுத்த மேளம் மழை. உன் இனத்தான் எட்டுப் பேர் இருக்கான், அவங்க மேகம். நாங்க யாருக்காகவும் காத்துக் கெடக்கறதில்ல. அடிச்சா அடிதான். நீ என்னடான்னா கோலைத் தூக்கிக்கிட்டு அந்த அம்மா வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. பாக்கறவன் என்ன நினைப்பான்? மேளத்துக்குத் தாளம் மறந்துபோச்சுன்னு நினைக்க மாட்டானா?"

இந்தக் கடைசிப் பேச்சுதான் மேளத்துக்குச் சுருக்கென்றது.

"மறக்கறதாவது! நான் இல்லேன்னா அக்கா எப்பவோ கவுந்திருப்பாங்க. போன மழைக்காலத்துல நம்வோன் ஊர்ல அடிச்சேனே, கேட்டியா? ஊரே தேம்பித் தேம்பி அழுதுது. அன்னிக்கு அடிச்ச மாதிரி நான் என்னிக்கும் அடிச்சதில்ல."

பக்கத்தில் விசிறி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு மடக்கிக்கொண்டது. சேகண்டி போன பிறகு, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். அதுகூட உனக்கு என்ன பேச்சு?" என்று மட்டும் கேட்டது.

கெடுகுடி சொல் கேளாது. மேளம் அன்றையிலிருந்து கூட்டத்தின் பேச்சுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தது. யார் குரலைப் புகழ்ந்தாலும் தன் வயிற்றில் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

அந்தக் குளிர்காலம் குரலுக்குப் பொல்லாத காலம். ஏற்கெனவே மழைக்காலத்தில் பிடித்த இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பனி உருகி வசந்தம் வந்தும் பழைய மூச்சு திரும்பவில்லை. அந்த வசந்தத்தில்தான் பெரிய நகரத்தில், ஆளுநர் மாளிகை முற்றத்தில், பாட்டுப் பந்தயம். அங்கே நின்ற குரலுக்கு எந்த ஊரிலும் பாய் விரிப்பார்கள். விழுந்த குரலை ஒருத்தரும் வாசலில் ஏற்ற மாட்டார்கள்.

போகிற வழியில், ஒரு வயல் வரப்பில் உட்கார்ந்து இளைப்பாறும்போது, குரல் சொன்னது: "தம்பி, எனக்கு மூச்சு பத்தல. தோணித்துறை இடத்துல எப்பவும் நிக்கிறதைவிடக் கூட நேரம் நிப்பேன்போல இருக்கு. நீதான் பாத்துக்கணும். இந்தத் தடவை விழுந்தா அப்புறம் நான் எந்திரிக்க மாட்டேன்."

"சரிக்கா."

"அவசரப்பட மாட்டியே?"

"நான் என்னிக்கு அவசரப்பட்டிருக்கேன்?" மேளம் வெடுக்கென்று கேட்டது.

குரல் வரப்பில் கிடந்த மேளத்தின் தோலில் வெயில் படாமல் விசிறியை விரித்துப் பிடித்துக்கொண்டது.

பந்தய நாள் வந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம். மதில்மேல் குந்தியிருந்த கைச்சேகண்டி மேளத்தைப் பார்த்துக் கண்ணடித்தது.

மேளம் அன்றைக்கு அடித்தது பாருங்கள், அப்படியொரு சுத்தம், அப்படியொரு வீச்சு! குதிரைமயிர்த் தொப்பி போட்ட பெரிய மனுஷர் ஒருவர் தொடையில் தட்டி, "அடடா! மேளம்னா இதுல்ல மேளம்!" என்றார். அதைக் கேட்டதும் மேளத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னும் ஓங்கி அடித்தது. குரல் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறவேண்டி வந்தது. இருந்த கொஞ்சம் மூச்சும் அதில் செலவாயிற்று. ஒரு தடவை திரும்பி மேளத்தைப் பார்த்தது. மேளம் தொப்பிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மேளம் ஒரு 'ஒல்சிகூ'கூடச் சொல்லவில்லை. தன்னை யார் புகழ்கிறார்கள் என்று கேட்கவே அதற்கு நேரம் சரியாக இருந்தது.

தோணித்துறை வந்தது. தாய் கரைக்கு ஓடி வந்தாள். எட்டு அடி நடந்து முடிந்தது. குரல் நின்றது. வாய் திறந்திருந்தது.

மேளம் கோலை ஓங்கியது. காத்திருந்தது.

குரல் வரவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இன்னும் வரவில்லை. முன்வரிசையில் ஒருவன் பக்கத்து ஆளிடம் மெல்லக் கேட்டான்: "என்ன, மேளம் மறந்திருச்சா?"

மேளம் குரலின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைத் திரும்பிப் பார்த்தது.

'டக்!'

கணக்குப்படி அதில் ஒரு தப்பும் கிடையாது. ஒன்பதாம் அடி, ஓங்கி விழுந்தது, முற்றம் முழுக்கக் கணீரென்று கேட்டது. ஆனால் குரலுக்கு அப்போதுதான் மூச்சு கூடிவந்திருந்தது. "பா" என்று உதடு பிரிந்த நேரம். அந்த அடி நேராக அதன்மேல் விழுந்தது. மகன் பேர் பாதியில் முறிந்தது.

அப்போதுகூடக் குடி முழுகிப் போய்விடவில்லை. மேளம் நடையைக் கொஞ்சம் இறக்கி, நாலு தட்டு உருட்டி, ஒரு 'ஒல்சிகூ' போட்டிருந்தால் போதும். தாய் தேம்பிவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். மேளத்துக்கு அது தெரியாதா? தெரியும். எத்தனை நூறு தடவை செய்த வேலை! ஆனால் இப்போது இறங்கினால் தப்பு தன்னுடையது என்று ஆகிவிடுமே என்று பயந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நேராகப் போய்க்கொண்டே இருந்தது. குரல் பின்னாலேயே ஓடிவந்தது, தடுக்கியது, மறுபடி எழுந்து ஓடியது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

"பாவம், வயசாயிருச்சு" என்றாள் ஒரு பெண்.

"மேளத்து மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றார் தொப்பிக்காரர்.

குரல் விசிறியை மடக்கிப் பாய்மேல் வைத்தது. கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டது. மேளத்துக்கும் ஒரு கும்பிடு போட்டது. இறங்கி நடந்தது.

மேளம் வாசல்வரை ஓடியது. "அக்கா! நான் வந்து... அந்த ஆள் என்னமோ சொன்னானா, அதுல..."

"நீ சரியாத்தான் தம்பி அடிச்சே" என்றது குரல். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அப்படியே போய்விட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மேளம் அழுது தீர்த்திருக்கும்.

சேகண்டி வந்து தோளில் கை போட்டது. "விட்டுத் தள்ளு. இனி நீ யார் வாயையும் பாக்க வேணாம். வா, வயலுக்கு."

மேளம் போயிற்று. பாயை முற்றத்திலேயே விட்டுவிட்டது. விசிறியை மட்டும் என்னவோ விட்டுவர மனசில்லாமல் இடுப்பு வாரில் செருகிக்கொண்டது. உழவர் கூட்டத்தில் அது எட்டோடு ஒன்பதாக நின்றது. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அங்கே இதன் அடி எது, அடுத்தவன் அடி எது என்று பிரம்மா வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

மழைக்காலம் வந்தது. நடவு வயலில் நனைந்து நனைந்து மேளத்தின் தோல் ஊறிப்போயிற்று. ஓங்கி அடித்தாலும் 'தொப்' என்றது. நடை பின்தங்கியது.

"ஏய், எங்க தாளத்தைக் கெடுக்காதே! ஓரமாப் போ!" என்று கத்தியது சேகண்டி.

"கொஞ்சம் நில்லுங்க. தோல் காயட்டும், வந்துடறேன்."

"நாங்க யாருக்காகவும் காத்துக் கெடக்கறதில்லன்னு முன்னாலயே சொன்னேனா இல்லையா?"

சொன்னதுதான். கூட்டம் ஆடிக்கொண்டே அடுத்த வயலுக்குப் போய்விட்டது. மேளம் வரப்பில் தனியாகக் கிடந்தது. மழை விடவில்லை.

"இதே மாதிரி மழைதானே அன்னிக்கும்?" அது தனக்குத்தானே புலம்பியது. "நம்வோன்ல எப்படி அடிச்சேன்! ஊரையே அழவச்ச தோலு, இன்னிக்கு இப்படிச் செத்துக் கெடக்கே!"

இடுப்பில் இருந்த விசிறியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கும் உன் தோல் இப்படித்தான் செத்துக் கெடந்துது" என்றது.

"என்ன உளர்றே?"

"உளறல. தொப்பு தொப்புன்னுதான் அடிச்சே. உனக்கே அது தெரியல. முதல் அடியிலயே உன் அக்கா கண்டுக்கிட்டாங்க. உடனே பாட்டைக் கீழ இறக்கினாங்க. தரையோட தரையா இறக்கினாங்க. தாய்க்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போன மாதிரி அந்தக் கதை முழுக்கக் கீழ்க்குரல்லயே பாடினாங்க. உன் தொப்பு சத்தம், அந்தத் தாய் நெஞ்சுல அடிச்சுக்கிற மாதிரி கேட்டுச்சு. ஊரு அழுதுது அதுக்குத்தான்."

மேளம் தன் தோலை ஒரு தடவை தட்டிப் பார்த்தது.

"கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டு அத்தனை நேரம் அடித்தொண்டையில பாடினாங்க. இருமல் அதுக்கப்புறம்தான் வந்துது" என்றது விசிறி.

"ஏன் என்கிட்ட சொல்லல? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். 'சொல்லாதே, தம்பி மனசு நோவான்'னு தடுத்துட்டாங்க."

இத்தனை நாளும் தான்தான் குரலைத் தாங்குவதாக நினைத்திருந்த மேளத்துக்கு இப்போது உட்காரவும் முடியவில்லை, கிடக்கவும் முடியவில்லை. வரப்பு மேட்டில் வெயில் படாமல் விசிறி பிடித்தது நினைவுக்கு வந்தது. முற்றத்தில் போட்ட கும்பிடு நினைவுக்கு வந்தது. "பாவி நான், பாவி" என்று தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள் நம் ஊரில். அப்படியாவது செய்வோம் என்று எழுந்து ஓடியது.

ஊர் ஊராக விசாரித்தது. கடைசியில் ஒரு மீன்காரி சொன்னாள்: "அந்த அம்மாவா? மலை அருவிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்களே. பாட்டு கேக்கறியான்னு கேட்டாங்க. மேளம் இல்லாம எப்படின்னு சிரிச்சேன். அதுவும் சரிதான்னு அவங்களும் சிரிச்சாங்க."

அந்தச் சீமையில் அது ஒரு வழக்கம். கெட்டுப்போன குரல் அருவிக்குப் போகும். தண்ணீர்ச் சத்தத்துக்கு எதிரே நின்று, அதைத் தாண்டி வெளியே கேட்கிறவரை கத்தும். தாண்டினால் குரல் திரும்பும். தாண்டாவிட்டால் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும் என்பார்கள்.

மேளம் அருவிக்குப் போனபோது அங்கே ஒருத்தரும் இல்லை. ஒரு பாய் விரிக்கிற அகலத்தில் ஒரு பாறை மட்டும் நனைந்து கிடந்தது.

"அக்கா! நான் வந்திருக்கேன்! இந்தத் தடவை காத்திருக்கேன், நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்க!"

தண்ணீர் கொட்டியது. மேளம் பாறைக்கு எதிரே உட்கார்ந்து எட்டு அடி அடித்தது. கோலை ஓங்கி நிறுத்திக்கொண்டது. தண்ணீருக்குள் எங்கேயோ "பா..." என்று வருகிற மாதிரி இருந்தது. மேளம் முன்னே சாய்ந்தது. வந்ததா, இல்லையா? நிச்சயமாகத் தெரியவில்லை. விசிறியைக் கேட்டது. விசிறிக்கும் தெரியவில்லை.

அந்த மலையில் கரி சுடுகிறவன் ஒருவன் இருந்தான், பேர் மன்போக். தினமும் அந்தப் பக்கம் போகிறவன், கோலை ஓங்கியபடியே உட்கார்ந்திருந்த மேளத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நின்றான்.

"கை வலிக்கலையா?" என்று கேட்டான்.

"அவசரப்பட்ட கை இது, எனக்கு வேணாம். நீ எடுத்துக்க" என்றது மேளம்.

"நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? எனக்குத் தாளமே தெரியாதே."

"தாளத்தை நான் சொல்லித் தரேன். ஒருத்தர் முகத்தைப் பாத்துக்கிட்டே உக்கார உனக்குத் தெரியுமா? யார் என்ன பேசினாலும் கண்ணை எடுக்காம?"

மன்போக் யோசித்தான். "கரிச் சூளைப் புகையை அப்படித்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கண்ணை எடுத்தா எல்லாம் சாம்பல்."

"அது போதும்" என்று மேளம் அவனிடம் கையைக் கொடுத்துவிட்டது.

அன்றையிலிருந்து மேளத்துக்குக் கை கிடையாது, யாராவது தட்ட வேண்டும். தட்டுகிறவர் கூட்டத்தைப் பார்த்து உட்காரமாட்டார், பாடுகிறவரைப் பார்த்துத்தான் உட்காருவார். குரலும் அதற்குப் பிறகு தன் காலில் எங்கும் நடந்து வந்ததில்லை. அருவியில் நின்று கத்திப் பழகுகிறவர்களின் தொண்டையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து உட்காருகிறதாம். முழுசாக யாரிடமும் இல்லை.

இப்போதும் தோணித்துறைக் கதையைப் பாடுகிறார்கள். இந்தக் காலத்து இளம் தொண்டைகளுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்? சில பேர் நிற்கவே மாட்டார்கள், பேரைச் சட்டென்று கூப்பிட்டுவிட்டுக் கடந்து போவார்கள். அப்போதும் ஒன்பதாம் அடி விழாது. கோல் ஓங்கியபடியே நிற்கும். கூட்டத்தில் எவனாவது பக்கத்து ஆளிடம், "என்ன, மேளம் மறந்திருச்சா?" என்று கேட்பான்.

மேளம் அவன் பக்கம் திரும்பாது. அன்றைக்கு ஒரு மூச்சு நேரம் காத்திருந்தால் போதுமாயிருந்தது. இன்னும் காத்திருக்கிறது.